மானியமும் அடைக்கலமும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் ஆலயத்துச் சுவரில், பதினோராம் நூற்றாண்டில் அரசாண்ட வீரராஜேந்திர சோழனுடைய சாசனமொன்று மிக நீளமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. வீரசோழன் என்று பெயர் பெற்ற ஆதுலசாலையில் 15 நோயாளிகள் கிடப்பதற்கு வேண்டியவற்றையும், வைத்தியனுக்கும் சல்லியக்கிரியை செய்பவனுக்கும் மூலிகை கொண்டுவருவார்க்கும் பணிவிடை செய்யும் பெண்டிருக்கும் அளக்க வேண்டிய நெல்லையும் அந்தச் சாசனம் வரையறுத்துச் சொல்லும் சிரத்தையைக் காண்பவர்கள், தர்மம் செய்வதற்கு இளகிய மனம் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் பிசகில்லாத கணக்கு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள் என்று துணியலாம்.

தஞ்சை மராட்டிய மன்னர்களும் இந்த வழியிலேயே சென்றார்கள். ராமேசுவர யாத்திரை செய்வோருக்காக அவர்கள் கட்டிய சத்திரங்களிற் பல அரச குடும்பத்துப் பெண்களின் பெயரால் அமைந்தவை. இரண்டாம் சரபோஜி மன்னர் 1802-இல் ஒரத்தநாட்டில் நிறுவிய முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் பேர்பெற்றது. வழியில் நோயுற்றவர்களுக்கு வைத்தியமும், கர்ப்பிணிகளுக்குப் பிரசவ சகாயமும், தாய் தந்தையரை இழந்த குழந்தைகளுக்கு அன்னமும் கல்வியும் மராட்டிய மன்னர்களின் சத்திரங்களில் கிடைத்து வந்தன என்பதை அம்மன்னர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு 1801-இல் எழுதிய கடிதமே எடுத்துரைக்கிறது.

ஆயினும், கோயில் தர்மம், சத்திர தர்மம், தண்ணீர்ப்பந்தல் தர்மம் ஆகிய இவை யாவற்றையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, ஒருத்திக்கு மட்டும் இவற்றில் இடமில்லாமற் போயிருப்பது புலனாகும். நோயாளிக்கு ஆதுலசாலை உண்டு. வழிப்போக்கனுக்குச் சத்திரம் உண்டு. பசித்தவனுக்கு அன்னசாலை உண்டு. தன் வீடே தனக்கு ஆபத்தாகிவிட்ட பெண், கொண்டவனுடைய அடிக்கோ, மாமியாரின் கொடுமைக்கோ, விதவைக்கு விதித்த சிறைக்கோ, விருப்பமில்லாத தொழிலில் தள்ளும் சொந்தத் தாயாருக்கோ அஞ்சி நடுநிசியில் புறப்பட்டவள், எந்தக் கதவைத் தட்டுவாள்? பிறந்தகம் ஒன்றே அவளுக்குப் புகல். அந்தக் கதவும் அடைபட்டால் ஊர்க்கிணறுதான் மிச்சம். யாத்திரை போகிறவளுக்குத் திரும்பிச் செல்ல வீடொன்று உண்டு என்ற எண்ணத்தின்மேல் எழுந்த சத்திரம், திரும்பிச் செல்ல வீடில்லாதவளைத் தன் வாசலில் எதிர்பார்க்கவே இல்லை.

அந்தக் குறையை நீக்கும் காரியம் சென்னை ராஜதானியில் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்கள் அரசர்களும் அல்லர், சர்க்காரும் அல்லர். தம் வீட்டு வாசலைத் திறந்து வைத்த பெண்கள் சிலர். பொதுப்பணம் அவ்வாசல்களைத் தேடிக்கொண்டு பின்னால் வந்தது. வாசல் முந்தியும் மானியம் பிந்தியும் வந்த இந்த வரிசையே இந்தச் சரித்திரத்தில் நாம் கவனிக்க வேண்டியது. வரிசை மாறிய இடங்களில் பணம் இருந்தும் பயன் குன்றிப் போயிற்று என்பதையும் பின்னர்க் காண்போம்.

தனியார் ஸ்தாபனங்களுக்குச் சர்க்கார் உதவித்தொகை வழங்கும் ஏற்பாடு இந்நாட்டில் முதலில் பள்ளிக்கூடங்களுக்காகவே ஏற்பட்டது. சார்லஸ் வுட் 1854-இல் லண்டனிலிருந்து அனுப்பிய கல்வி அறிக்கை, எல்லாப் பள்ளிகளையும் சர்க்காரே நடத்துவது சாத்தியமல்ல என்பதை ஒப்புக்கொண்டு, ஊரார் நடத்தும் பள்ளிகளுக்கு ஒரு பகுதிச் செலவைக் கஜானாவிலிருந்து கொடுக்கலாம் என்று வழிகாட்டியது. உள்ளூரார் தம் பங்கைப் போட வேண்டும். கணக்கைக் காட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து பார்வையிடுவதற்கு உடன்பட வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளும் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தை மனத்தில் கொண்டு எழுந்தவையாயினும், நூறு வருஷத்துக்குப் பிறகு அபலைப் பெண்களுக்கான மானிய விதிகளை எழுத உட்கார்ந்தவர்களும் ஏறக்குறைய அவற்றையே எழுதினார்கள். பெண்களுக்கான அடைக்கலம் நம் நாட்டில் பள்ளிக்கூடத்தின் நிழலிலேயே வளர்ந்தது என்று சொல்வது மிகையாகாது.

இதற்கு முதற்சான்று சகோதரி சுப்புலட்சுமி அம்மையார். 1886-இல் பிறந்து, பதினொரு வயதில் விவாகமாகி, உடனேயே விதவையாகிவிட்ட அந்தப் பெண்ணை, தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் ஊர் வழக்கத்துக்கு விட்டுவிடாமல் படிக்க வைத்தார். தானும் விதவையான சித்தி வாலாம்பாள் வீட்டைப் பார்த்துக்கொள்ள, சுப்புலட்சுமி பிரசிடென்சி கல்லூரியில் பயின்று 1911-இல் பட்டம் பெற்றார். தமக்குக் கிடைத்த பாக்கியம் மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் மேலிட, எழும்பூரில் தாம் குடியிருந்த வீட்டிலேயே விதவைச் சிறுமியர் சிலரைச் சேர்த்துக்கொண்டார். சந்தா இல்லை, கட்டடம் இல்லை, விதிகள் அடங்கிய புத்தகமும் இல்லை. அந்தச் சிறுமியர் உண்டு உறங்கிப் படிப்பதற்கு ஒரு வீடு இருந்தது, அவ்வளவே. 1912-இல் சாரதா மாதர் சங்கம் தோன்றி அந்த வீட்டுக்குப் பக்கபலமாயிற்று.

சர்க்கார் இந்த வீட்டின் பக்கம் திரும்பியதற்குக் காரணம் தயை அன்று. பெண்பிள்ளைப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியைகள் கிடைக்காமல் கல்வி இலாகா தத்தளித்துக்கொண்டிருந்த காலம் அது. வயது வந்த பெண்களை வேலைக்கு அனுப்பும் வழக்கமில்லாத சமூகத்தில், விவாக பந்தமில்லாத விதவைகளைப் பயிற்றுவித்தால் ஆசிரியைகள் கிடைப்பார்கள் என்பதைப் பள்ளிகளின் இன்ஸ்பெக்டிரஸாக இருந்த மிஸ் லிஞ்ச் என்னும் மாது உணர்ந்து, சுப்புலட்சுமியின் முயற்சிக்குச் சர்க்காரின் ஆதரவைத் தேடித் தந்தார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842-இல் கட்டப்பட்டதும், 1897-இல் விவேகானந்த சுவாமிகள் தங்கியதுமான ஐஸ் ஹவுஸ், இவ்வாறாக அந்தச் சிறுமியருடைய விடுதியாயிற்று. கண்ணீருக்குக் கிடைக்காத பணம் ஆசிரியைப் பஞ்சத்துக்குக் கிடைத்தது என்பதை இப்போது நினைத்துப் பார்க்கையில் சிறிது கசப்புத் தோன்றலாம். எனினும், கிடைத்த பணத்தைக் கொண்டு கண்ணீரைத் துடைத்த சாமர்த்தியத்தை வியக்காமலிருக்க முடியவில்லை.

அந்தப் பணத்துக்கும் விலை இருந்தது. விடுதி ஒரு சாதி விதவைகளுக்கு மட்டுமே என்று அமைந்தது அதன் முதற்குறை. சுப்புலட்சுமி அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடாமல், ஐஸ் ஹவுஸுக்கு அருகிலிருந்த மீனவர் குப்பத்துக் குழந்தைகளுக்காகவும் ஒரு பள்ளியைத் தொடங்கினார் என்பது அவருடைய மனப்போக்கைக் காட்டுகிறது. மற்றொரு விலை இன்னும் நுட்பமானது. 1922-இல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற அவர் சர்க்கார் உத்தியோகஸ்தராகிவிட்டபடியால், இந்திய மாதர் சங்கத்திலோ அகில இந்திய மாதர் மகாநாட்டிலோ வெளிப்படையாகப் பதவி வகித்துப் பாலிய விவாகத்தை எதிர்க்கும் சுதந்தரம் அவருக்கு இல்லாமற் போயிற்று. பாலிய விவாகத்தின் கொடுமையை அவரைவிட நன்றாக அறிந்தவர் எவர்? அக்கொடுமைக்கு இலக்கானவர்களைக் காப்பாற்றுவதற்குச் சர்க்கார் பணம் கொடுத்தது. அக்கொடுமையைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசுவதற்கு அதே சர்க்காரின் சம்பளம் தடையாயிருந்தது. மானியம் பெறும் ஸ்தாபனங்கள் இன்றுவரை அனுபவித்துவரும் சங்கடம் இதுவே.

சுப்புலட்சுமி பிறந்த அதே 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி மரபில் வந்த தாய்க்கும், மகாராஜா கல்லூரியின் தலைவராயிருந்த தகப்பனாருக்கும் மகளாகத் தோன்றி, 1912-இல் சென்னை வைத்தியக் கல்லூரியில் தேறிய அவர், சட்டசபைக்கு நியமனம் பெற்று அதன் உபதலைவராகவும் விளங்கினார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று 1927-இல் அவர் கொண்டுவந்த தீர்மானமும், அதைத் தொடர்ந்த வாதப்பிரதிவாதங்களும் பலர் அறிந்தவை. அதிகம் பேசப்படாத ஒரு விஷயம், 1929-இல் அவர் முயற்சியால் நிறைவேறிய இந்து அறநிலையச் சட்டத் திருத்தம். கோயிற் பணிக்குக் கைம்மாறாகத் தாசிகள் அனுபவித்துவந்த இனாம் நிலங்களை அப்பணியிலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்கிய ஏற்பாடு அது. வழக்கத்தைக் கண்டிப்பது சுலபம். வழக்கத்தை விட்டு வெளியேறுகிறவள் மறுநாள் எதைச் சாப்பிடுவாள் என்று யோசிப்பது அரிது. முத்துலட்சுமி அதை யோசித்தார்.

இரவு எங்கே படுப்பாள் என்பதையும் அவர் யோசிக்க வேண்டி வந்தது. தேவதாசிக் குடும்பத்திலிருந்து தப்பிவந்த சிறுமியர் சிலர் அவர் வீட்டை நாடினர். நகரத்து விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. சீர்திருத்தத்தை ஆதரித்துப் பிரசங்கம் செய்தவர்களும் தம் பெண்கள் தங்கும் விடுதியில் அச்சிறுமியர் தங்குவதை விரும்பவில்லை. ஆகவே தம் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார் முத்துலட்சுமி. 1930-களின் தொடக்கத்தில் அவ்வை இல்லம் தோன்றிய வரலாறு இதுதான். பிற்பாடு அடையாற்றில் நிலைகொண்டு பள்ளியும் கைத்தொழிலுமாக அது விரிந்தது. தேவதாசி ஒழிப்புச் சட்டம் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரிசபைக் காலத்தில் 1947-இல்தான் முழுமையாக நிறைவேறிற்று. இல்லமோ அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டது. சட்டம் வரும்வரை காத்திருந்தால், காப்பாற்ற வேண்டிய சிறுமி அதற்குள் கிழவியாகிவிடுவாள் என்பதை அந்த வைத்தியர் அறிந்திருந்தார்.

இவ்விருவருக்கும் இளையவரான துர்க்காபாய், ராஜமகேந்திரபுரத்தில் 1909-இல் பிறந்தவர். எட்டு வயதில் செய்துவைத்த விவாகத்தை, வயது வந்தபின் தாமே மறுத்து விலகிய துணிவுடையவர். 1923-இல் காக்கிநாடாவில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, கண்காட்சி வாயிலில் தொண்டராக நின்ற பதினான்கு வயதுச் சிறுமி, அனுமதிச் சீட்டு இல்லையென்று ஜவாஹர்லால் நேருவையே தடுத்து நிறுத்தினாள் என்பது பிரசித்தமான கதை. அந்தச் சிறுமியே பிற்காலத்தில் பாரத தேசம் முழுமைக்கும் மானிய விதிகள் வகுத்தார் என்பதை நினைக்கும்போது, விதி விஷயத்தில் அவருக்கிருந்த கண்டிப்பு புதிதாக வந்ததன்று என்று தோன்றுகிறது.

உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு வேலூரிலும் மதுரையிலும் சிறையிருந்த நாட்கள் துர்க்காபாயின் வாழ்க்கையைத் திருப்பின. தங்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம் இன்னதென்றுகூட அறியாமல் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த பெண்களை அவர் அங்கே கண்டார். அவர்களுக்காக வாதாடும் வழக்கறிஞராக வேண்டுமென்ற உறுதி அங்கே பிறந்தது. அதற்கு முதலில் மெட்ரிகுலேஷன் தேற வேண்டும். பள்ளிப் பருவமோ கடந்துவிட்டது. காசி சர்வகலாசாலையின் பரீட்சையைத் தனியாகப் படித்து எழுதித் தேறி, படிப்படியாகச் சட்டப் பட்டமும் பெற்றார். தாம் நடந்த அந்தப் பாதையில் மற்றப் பெண்களையும் நடத்துவதற்காகச் சென்னையில் அவர் நடத்திய வகுப்புகளிலிருந்து 1937-இல் ஆந்திர மகிள சபை உருவாயிற்று. கல்வி தடைப்பட்ட விதவைகளும், கணவனால் கைவிடப்பட்டவர்களும், வயது கடந்துவிட்டதென்று பள்ளிக்கூடங்கள் ஒதுக்கியவர்களும் அங்கே வந்து படித்துத் தாங்களே சம்பாதிப்பவர்களாயினர்.

சுதந்தரம் வந்தபின் துர்க்காபாய் அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்து, 1952-இல் திட்டக் கமிஷன் அங்கத்தினரானார். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் மொத்த ஒதுக்கீடு 2,069 கோடி ரூபாய். அணைகளும் ரயில்பாதைகளும் ஏப்பம்விட்ட அந்தப் பெருந்தொகையில், தனியார் சமூக சேவை ஸ்தாபனங்களுக்கு உதவி செய்வதற்கென்று ஒதுக்கப்பட்டது 4 கோடி, அதாவது ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் மத்திய சர்க்கார் அதுவரையில் செய்யாத காரியம். அந்தப் பணத்தை விநியோகிக்கும் பொருட்டு 1953 ஆகஸ்டில் மத்திய சமூக நல வாரியம் ஏற்பட்டது. துர்க்காபாய் அதன் முதல் தலைவியானார். அதே வருஷம் ஜனவரியில் நிதி மந்திரி சி. டி. தேஷ்முக்கை அவர் மணந்திருந்தார். ஆனால் கணவர் கஜானாவிலிருந்து மனைவி கேட்டு வாங்கிய சீதனம் இது என்று எவரும் சொல்வதற்கில்லை. நான்கு கோடிக்குத் திட்டம் அதற்கு முன்பே இடம் செய்துவிட்டது.

வாரியத்தின் அமைப்பில் ஒரு நுணுக்கம் இருந்தது. இலாகா உத்தியோகஸ்தர்களிடம் பணத்தை ஒப்படைத்தால் சேவா ஸ்தாபனங்கள் கச்சேரி வாசலில் காத்துக் கிடக்க நேரும் என்பதை அறிந்து, உத்தியோகப் பற்றில்லாத சமூக ஊழியர்களையே பெரும்பான்மையாகக் கொண்டு வாரியத்தை அமைத்தார்கள். 1954-இல் ராஜ்யங்கள்தோறும் ஆலோசனை வாரியங்கள் ஏற்பட்டபோது, சென்னை வாரியத்துக்கு முதல் தலைவியானவர் முத்துலட்சுமி ரெட்டி. விடுதிகளில் இடம் கிடைக்காத சிறுமியரைத் தம் வீட்டில் படுக்க வைத்தவரே, எந்த விடுதிக்கு மானியம் கொடுக்கலாம் என்று பரிசீலிக்கும் ஸ்தானத்தில் அமர்ந்தார். விண்ணப்பம் போடுகிறவர்களின் நிலைமையைத் தாமே அனுபவித்தறிந்தவர் கையில் பணப்பெட்டியின் சாவி இருப்பது எந்த நாட்டிலும் அடிக்கடி நிகழ்வதன்று.

வாரியத்தின் மானியம் முழுச் செலவையும் ஏற்கவில்லை. ஸ்தாபனமும் தன் பங்குக்கு ஈடான தொகையைத் திரட்டியாக வேண்டும் என்பது பொது விதியாயிருந்தது. முதலில் வருஷத்துக்கு வருஷம் கொடுத்து வந்ததை, இரண்டாம் திட்டக் காலத்தில் நெடுங்கால மானியமாகவும் வழங்கத் தொடங்கினார்கள். பங்குப்பணம் திரட்டும் கட்டாயத்தால் சங்கத்து மாதர்கள் ரசீதுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்றார்கள். இதில் அவர்களுக்குச் சிரமம் இருந்தது. ஆனால் ஒரு லாபமும் இருந்தது. அபலை விடுதிக்கு இரண்டு ரூபாய் சந்தா கொடுத்த வீட்டுக்காரன், அந்த விடுதியில் இருக்கும் பெண்ணைப் பற்றி அவதூறு பேசுமுன் ஒரு கணம் யோசிப்பான். அந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டு கோபாவேசத்துடன் வரும் புருஷனைத் தெருமுனையில் தடுத்து நிறுத்துவதற்கும் ஊர் ஜனங்களின் அனுதாபம்தான் பயன்படுமேயன்றி, மத்திய சர்க்காரின் உத்தரவு நகல் பயன்படாது. சிறு மானியம் சிறியதாக இருந்ததாலேயே, ஊரை விடுதிக்கு உறவாக்கிற்று.

நகரத்து மாதர் சங்கங்களோடு இந்த உதவி நின்றுவிடக் கூடாதென்று 1954 ஆகஸ்டில் கிராம நல விஸ்தரிப்புத் திட்டங்கள் தொடங்கின. ஏறத்தாழ 25 கிராமங்கள் சேர்ந்தது ஒரு திட்டம். அதில் சில நிலையங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் பாலவாடி, கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்தவர்களுக்கும் உதவி, தையலும் கைத்தொழிலும், முதியோர் கல்வி. உள்ளூர் மாதர்கள் அடங்கிய கமிட்டி மேற்பார்வை செய்தது. கிராம சேவிகைகள் வீடு வீடாகச் சென்றனர். தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் 1954-இல் இந்திய மாதர் சங்கம் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நல நிலையத்தை ஏற்படுத்தியபோது, எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த சகோதரி சுப்புலட்சுமி அதற்குத் துணைநின்றார்.

கிராமத்துப் பெண் ஒருத்தி, குழந்தையைப் பாலவாடியில் விடுவதற்கென்றோ ரவிக்கை தைக்கக் கற்பதற்கென்றோ சொல்லிக்கொண்டு வீட்டை விட்டு ஒரு நாழிகை வெளியே வருவதை எந்த மாமியாரும் தடுக்க மாட்டாள். வந்த இடத்தில் முதுகில் விழுந்த அடியை மற்றொருத்திக்குக் காட்டலாம். அந்த ஒரு நாழிகைக்கு இடம் கொடுத்ததுதான் இந்நிலையங்கள் செய்த பேருபகாரம். ஆனால் அதை எந்த வருஷாந்தர அறிக்கையின் பட்டியலிலும் சேர்க்க முடியாது. 1958-இல் வாரியம் தொடங்கிய வயதுவந்த பெண்களுக்கான சுருக்கக் கல்வித் திட்டமும் இத்தகையதே. சென்னையில் துர்க்காபாய் நடத்திய பழைய மெட்ரிகுலேஷன் வகுப்பே, இருபது வருஷங்களுக்குப் பிறகு, தேசம் முழுவதற்குமான மானியத் திட்டமாக உருப்பெற்று வந்தது. விட்டுப்போன படிப்பை இரண்டு ஆண்டுகளில் முடித்து வேலை தேடிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை, அடிக்கும் புருஷனிடம் இருந்தே தீர வேண்டுமென்ற நிர்ப்பந்தத்தைத் தளர்த்தியது.

ஆனாலும் குறைகளை மறைத்து எழுதுவது சரித்திரமாகாது. 1950-களின் மானியத் தலைப்புகளைப் பார்த்தால், விதவை, அனாதை, ஆதரவற்றவள், மீட்கப்பட்டவள் என்று பெண்களைப் பாகுபாடு செய்திருப்பது தெரியும். கணவனிடம் அடிபட்டவள் என்ற தலைப்பு மட்டும் இராது. வாரியம் தனவந்தி ராமராவ் தலைமையில் அமைத்த சமூக ஒழுக்கச் சுகாதாரக் கமிட்டியின் ஆராய்ச்சியிலிருந்து, மீட்பு இல்லங்களும் பின்பராமரிப்பு இல்லங்களும் இரண்டாம் திட்டத்தில் இடம்பெற்றன. 1956-இல் பெண் வியாபாரத்தைத் தடுக்கும் மத்திய சட்டமும் வந்தது. தெருவில் இருந்த ஆபத்தைச் சர்க்கார் கண்டுகொண்டது. வீட்டுக்குள் இருந்த ஆபத்தைக் காண மறுத்தது. கண்டால் குடும்பம் என்னும் புனிதமான ஏற்பாட்டுக்குப் பங்கம் வந்துவிடுமென்று அஞ்சியது. ஆகையால், மண்டையில் கட்டோடு வந்தவளும் பதிவேட்டில் ஆதரவற்றவளாகவே பதியப்பட்டாள். அவளை அடித்தவனைப் பற்றிப் பதிவேடு ஒன்றும் கேட்கவில்லை.

இன்னொரு குறை, இந்த ஏற்பாடு முழுவதும் குறைந்த ஊதியத்துக்கு உழைத்த பெண்களின் தோள்களில் நின்றது என்பது. கிராம சேவிகைக்கும் பாலவாடி ஆசிரியைக்கும் கிடைத்தது சொற்பம். அதையும் சம்பளம் என்று சொல்லக் கூசி, கௌரவ ஊதியம் என்றார்கள். அபலைகளைக் காப்பதற்காகப் போனவர்கள் தங்கள் முதுமையில் அபலைகளாகும் அபாயத்துக்கு உட்பட்டிருந்தனர். தொண்டு என்ற சொல்லின் மகிமையைப் பேசிப் பேசி, தொண்டு செய்பவளின் வயிற்றைப் பற்றிப் பேசாமல் விட்டது நம்முடைய பழைய குற்றம்.

வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்கக் கண் திறப்பதற்குக் காலம் எடுத்தது. 1969-இல் ஏற்பட்ட குறுகிய காலத் தங்கும் இல்லத் திட்டம், குடும்பப் பூசலால் வெளியேறிய பெண்களையும் முதன்முதலாக எண்ணிப் பார்த்தது. 1970-களின் இறுதியில் வரதட்சிணைச் சாவுகளை எதிர்த்தும், போலீஸ் காவலில் நடந்த பலாத்காரத்தைப் பற்றிய மதுரா வழக்கின் தீர்ப்பை எதிர்த்தும் தேசமெங்கும் பெண்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1983-இல் மனைவியைக் கொடுமை செய்வது குற்றவியல் சட்டத்தில் தனிக் குற்றமாயிற்று. அதே வருஷத்தில் சமூக நல வாரியம் குடும்ப ஆலோசனை மையங்களுக்கு மானியம் தரத் தொடங்கியது. ஒரு சங்கத்தின் அறையில் ஆலோசகர் இருவர் அமர்ந்து, வந்தவளின் வழக்கைக் கேட்டு, புருஷனையும் மாமியாரையும் அழைத்துப் பேசி, தேவையானால் போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் வழிகாட்டும் ஏற்பாடு அது. சமரசம் செய்வதையே ஜயமாகக் கருதிச் சில மையங்கள் அடிபட்டவளைத் திருப்பி அனுப்பிவைத்ததும் உண்டு. எனினும், பதிவேட்டில் அடித்தவனுடைய பெயரும் இடம்பெறலாயிற்று.

பின்னர் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டதும், 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தன்னார்வ ஸ்தாபனங்களைச் சேவை வழங்குவோராகப் பதிவுசெய்து சட்ட அந்தஸ்து கொடுத்ததும் இந்த வரலாற்றின் அடுத்த படிகள். எழும்பூர் வீட்டில் விதியின்றி நடந்த காரியத்துக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்துச் சட்டம் இடம் கொடுத்தது.

டில்லியில் ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கோரத்தால் தேசம் கொதித்ததையடுத்து, 2013-இல் 1,000 கோடி ரூபாயுடன் நிர்பயா நிதி ஏற்பட்டது. முதல் திட்டத்தின் நான்கு கோடியோடு ஒப்பிட இது எவ்வளவோ பெரிது. ஆயினும் அந்த நிதியில் பெரும்பகுதி ஆரம்ப வருஷங்களில் செலவாகாமலே கிடந்தது என்பதும் யாவரும் அறிந்ததே. பணம் முந்தி வந்துவிட்டது. அதைப் பெற்றுப் பயன்படுத்தும் வாசல்கள் ஊர்தோறும் இல்லை. இருந்த சிறு சங்கங்களுக்கோ அந்தப் பெரிய கஜானாவின் வாயிலை எட்டும் ஏணி இல்லை. 1953-இல் பணம் குறைவு; ஆனால் அதைக் கொண்டு சேர்க்கத் தெருத்தெருவாக நடக்கும் கால்கள் இருந்தன. மரத்துக்கு நீர் வார்ப்பதற்கு ஏரி நிறைந்திருந்தால் மட்டும் போதாது, வாய்க்காலும் வேண்டும்.

இதனால் சிறு மானியமே சிறந்தது, பெருநிதி வேண்டாம் என்று முடிவு கட்டுவது தவறு. நான்கு கோடியின் சிறுமையைப் பெருமையாகப் பேசுவது, கிராம சேவிகையின் பசியைப் பெருமையாகப் பேசுவதற்கு ஒப்பாகும். நான் சொல்ல விரும்புவது வேறு. அடைக்கலம் கொடுக்கும் மனிதரும் இடமும் எங்கே உண்டென்று தேடிக் கண்டுபிடித்து, அவர்களுடைய வாயை அடைக்காமலும், கணக்குப் புத்தகத்தாலேயே அவர்களை மூச்சுத் திணற வைக்காமலும், உழைப்பவளுக்கு நியாயமான கூலியைச் சேர்த்தும், வருஷம் தவறாமல் கொடுக்கப்படும் பணம் தொகையில் சிறிதானாலும் வேலை செய்யும். இவற்றைக் கவனியாமல் கொடுக்கப்படும் பணம் தொகையில் பெரிதானாலும் கஜானாவிலேயே தூங்கும். திருமுக்கூடலில் சாசனம் எழுதியவன் நெல்லின் அளவை எழுதுவதற்கு முன்பே, அதைப் பெற்று நோயாளிக்குப் பணி செய்ய வேண்டியவர் இன்னின்னார் என்று நிச்சயித்துக்கொண்டான். பெண்களுக்கு எதிரான கொடுமையைத் தடுக்க விரும்பும் எந்தச் சர்க்காரும், எந்தத் தர்மப் பிரபுவும், தொகையை அறிவிக்குமுன் செய்ய வேண்டிய முதல் வேலை அதுவே.